பாட்டிக்குக் காய்ச்சல் தந்தது யார்?

"மாமா, எங்க பக்கம் வோல்பாக்கியா கொசு விடப் போறாங்களாம். அந்தக் கிருமி நமக்கும் தொத்திக்குமா?" ஷா ஆலமில் இருக்கும் அக்காள் மகள் தொலைபேசியில் கேட்டாள்.

தொற்றாது என்றேன். டிங்கியைக் கட்டுப்படுத்த ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தப்படும் அந்தப் பாக்டீரியா மனித உடலில் குடியேறுவதில்லை. ஆனால், அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு நினைவுக்கு வருவது டிங்கி அல்ல. என் பாட்டியின் கால்.

பாட்டி பேராக் கடலோரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவருடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே தூண்போல் வீங்கியிருக்கும். கல்யாண வீடுகளில் சேலையைக் கணுக்கால்வரை இழுத்து மூடிக்கொண்டு மூலையில் உட்காருவார்.

இளவயதில் ஒருநாள் இரவில் லயத்துக்கு வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்தார்களாம். யானைக்கால் புழு இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்களாம். விழுங்கிய அன்றே குளிர்காய்ச்சல், தலைவலி, உடல்வலி. "மருந்துதான்டா என்னைக் கொல்லப் பாத்துச்சு" என்பார். மீதி மாத்திரைகள் வாய்க்காலுக்குப் போய்விட்டன.

மருத்துவ ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் காய்ச்சலின் காரணம் எனக்குப் புரிந்தது.

நம் நாட்டில் யானைக்கால் நோயைப் பெரும்பாலும் உண்டாக்கியது 'புருஜியா மலாயி' என்ற புழு. பெயரிலேயே மலாயா இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள நூல் போன்ற பெண்புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழும். அதன் குஞ்சுப் புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் திரியும். இரவில் இரத்தம் எடுத்தது அதனால்தான்.

இந்தப் புழுவுக்குள் இன்னொரு குடித்தனம் இருக்கிறது. அதுதான் வோல்பாக்கியா. 1924இல் அமெரிக்காவில் கொசுவின் உடலில் முதலில் காணப்பட்ட பாக்டீரியா இது. புழுவில் இருக்கும் வோல்பாக்கியாவின் மரபணுத் தொகுப்பு 2005இல் வெளியானது. புழுவால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாத ஹீம் போன்ற பொருள்களை இந்தப் பாக்டீரியாவால் செய்ய முடியும் என்பது அதில் தெரிந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று வாழாது.

புழு தந்திரக்காரன். நம் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தாலாட்டித் தூங்க வைத்து, ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். மருந்து பட்டுக் குஞ்சுப் புழுக்கள் கூட்டமாகச் சாகும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. உள்ளேயிருந்த வோல்பாக்கியா இரத்தத்தில் கொட்டுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள கொழுப்புப் புரதங்களை நம் வெள்ளை அணுக்கள் உடனே அடையாளம் கண்டு அபாயச் சங்கு ஊதுகின்றன. அதன் விளைவுதான் காய்ச்சலும் உடல்வலியும்.

ஆக, பாட்டிக்கு வந்த காய்ச்சல், பெரும்பாலும் மருந்து வேலை செய்ததன் அடையாளம். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை. மாத்திரையை முடித்திருந்தால் கால் தப்பியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு இருந்தது.

இந்தக் கூட்டுக் குடித்தனமே இப்போது புழுவின் பலவீனம். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லியை நான்கு முதல் ஆறு வாரங்கள் கொடுத்தால் வோல்பாக்கியா அழிகிறது. பெண்புழு மலடாகிறது; பெரிய புழுக்களும் மெல்ல மடிகின்றன. பாக்டீரியாவும் புழுவும் ஒரேயடியாகக் கொட்டாததால் காய்ச்சலும் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது. மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்கிச் சாப்பிடக்கூடாது.

வீட்டில் யாருக்காவது கால் வீக்கம் நீடித்தால் மறைக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். யானைக்கால் என்று தெரிந்தால், தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, காலை உயர்த்தி வைத்தாலே திரும்பத் திரும்ப வரும் புண்ணும் காய்ச்சலும் வெகுவாகக் குறையும். எந்த மருந்தானாலும் காய்ச்சல் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், ஏன் வந்தது என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காள் மகள் சொன்னாள்: "பாட்டிகிட்ட அப்பவே யாராவது இதை உட்கார்ந்து சொல்லியிருக்கலாம், மாமா."

அதற்குத்தான் இதை எழுதினேன்.