சந்தவாசல் முதல் காத்மாண்டு வரை – சாலை வழியே ஒரு பயணத் திட்டம்



டூர் என்றால் நமக்கெல்லாம் ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல். மிஞ்சிப்போனால் மூணாறு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சந்தவாசலில் வண்டியைக் கிளப்பி, விமானம் ஏறாமல், கப்பல் ஏறாமல் இரண்டு வெளிநாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும் என்றால் நம்புவீர்களா? முடியும். நாங்கள் மூன்று மாணவர்களும், நண்பனின் அண்ணன் ஒருவரும் சேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டோம். இன்னும் போகவில்லை. போவதற்கு முன்னால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை.

முதல் கேள்வி, எந்த நாடு? நமக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது இலங்கை. ஆனால் தனுஷ்கோடிக்கு அப்பால் ரோடு கிடையாது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அதில் ஆள் ஏறலாம், கார் ஏறாது. பாகிஸ்தான் பக்கம் அட்டாரி எல்லையை 2025 ஏப்ரலில் மூடினார்கள். மியான்மரில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுச் சண்டை. வங்கதேசத்துக்கு விசா வேண்டும், வண்டிக்குக் 'கார்னே' என்று ஒரு புத்தகம் வேண்டும். கார்னே என்பது வண்டிக்கான பாஸ்போர்ட் மாதிரி. "இந்த வண்டியை அங்கே விற்றுவிட மாட்டேன், திருப்பிக் கொண்டுவருவேன்" என்பதற்கு உத்தரவாதம். அதற்குப் பெரிய தொகையை ஜாமீனாகக் காட்ட வேண்டும். நம்ம கைக்கு எட்டாத சமாசாரம்.

மீதி இருப்பது நேபாளமும் பூடானும். 1950-ல் நேபாளத்தோடும், 1949-ல் பூடானோடும் (இது 2007-ல் புதுப்பிக்கப்பட்டது) இந்தியா செய்த ஒப்பந்தங்கள் பழகிய உறவுக்கு அடித்தளம். இந்தியக் குடிமகனுக்கு இரண்டு நாட்டுக்கும் விசா தேவையில்லை. நம்மூர் வண்டிக்குக் கார்னேயும் தேவையில்லை. எல்லையில் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும்.

2015 ஜூன் 15 அன்று வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் கூடி, ஒருவர் வண்டி மற்றவர் நாட்டில் தாராளமாக ஓடலாம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டன. பூடான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை ஏற்கவில்லை. சின்ன நாடு, குறுகலான மலைப்பாதை, வெளிவண்டிகள் குவிந்தால் தாங்குமா என்ற பயம். அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தானே யோசிப்போம்?

சரி, இனித் திட்டம். நம்மில் பலர் நேராக மேப்பை எடுத்துத் தூரத்தை அளப்போம். அங்கேதான் யோசிக்க வேண்டும். இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பாடத்தில் சி.பி.எம். படித்தோம் அல்லவா, ஒரு வேலையில் எந்தச் சங்கிலி நீளமோ அதுதான் மொத்த வேலையின் காலத்தையும் தீர்மானிக்கும் என்று? பரீட்சைக்கு வட்டமும் அம்புக்குறியும் போட்டு, ஃப்ளோட் கண்டுபிடித்து எழுதியாயிற்று. அதே படத்தை இந்தப் பயணத்துக்குப் போட்டுப் பாருங்கள். நீளமான சங்கிலி ரோடு இல்லை. காகிதம்!

எல்லையில் கேட்பது இரண்டில் ஒன்று: பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. நம் வயதுக்கு ஆதார் அட்டை அங்கே செல்லாது. (நேபாளத்துக்கு மட்டும் 15 வயதுக்குக் குறைந்தவர்களும் 65-க்கு மேற்பட்டவர்களும் ஆதாரைக் காட்டலாம்.) கல்லூரி ஐ.டி. கார்டும் டிரைவிங் லைசென்ஸும் கூட இதற்கு உதவாது. பதினெட்டு முடிந்த நமக்கெல்லாம் சுலபமான வழி வாக்காளர் அட்டை. படிவம் 6 கொடுக்க வேண்டும். 2022 முதல் வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் வைத்திருக்கிறார்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? பெயர்தான் கஷ்டம். என் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா பட்டு நெசவு. என்னைப் போன்ற வீடுகளில் போய்ப் பாருங்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். தமிழில் எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருத்தர் 'இ' போட்டிருப்பார், ஒருத்தர் 'ஏ' போட்டிருப்பார். எழுதிய அன்று "இது சரியா?" என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லை. இனிஷியல் இன்னொரு தலைவலி. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும். பாஸ்போர்ட் படிவமோ குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். சிலருக்கு ஒரு காகிதத்தில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஊர் பெயர் எதுவும் எழுதாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் எந்தெந்த அட்டையில் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஒத்துப்போகத் திருத்துவதுதான் சுலபம் என்று நினைக்கிறேன். டூர் போனாலும் போகாவிட்டாலும் வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, பேங்க் கடனுக்கு இது எப்படியும் ஒருநாள் தேவைப்படும்.

அடுத்து வண்டிக் காகிதங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் லைசென்ஸ் எல்லாம் அசல் வேண்டும். வண்டி ஓன் போர்டாக இருக்க வேண்டும். டி போர்டு என்றால் விதிமுறையே வேறு. எங்கள் திட்டத்தில் வண்டி நண்பனின் சித்தப்பா பெயரில் இருக்கிறது, அவர் வரவில்லை. அப்படியானால் "இன்னார் என் வண்டியை ஓட்டிச் செல்ல சம்மதம்" என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். முக்கியமான ஒன்று: நம்மூர் மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளம், பூடானுக்கு எல்லையை நீட்டி, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியிலேயே எழுதி வாங்க வேண்டும். கம்பெனியில் கேட்டால் செய்துகொடுப்பார்கள். கேட்கவில்லை என்றால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நேபாள எல்லையில் வண்டிக்குச் சுங்க அனுமதி வாங்குவதை 'பன்சார்' என்பார்கள். எத்தனை நாள் என்று முன்பே சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும். நாள் மீறினால் அபராதம். இதில் ஒரு வேடிக்கை, அங்கே அரசுக் காகிதங்களில் இருப்பது விக்ரம் சம்வத் தேதி. நமது ஆண்டைவிடச் சுமார் 57 வருடம் முன்னால் ஓடும். மாதப் பிறப்பும் வேறு. சீட்டில் முடியும் தேதியை நம்ம தேதியாக மாற்றி, அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நேபாளக் கடிகாரம் நமக்கு 15 நிமிடம் முன்னால், பூடான் கடிகாரம் 30 நிமிடம் முன்னால். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை.

இனிப் பாதை. எனக்கு ஒரு மாமா லாரி ஓட்டுகிறார், வடக்கே பல தடவை போய் வந்தவர். நோட்டைக் காட்டினேன். "ஒரு நாளைக்கு எழுநூறு கிலோமீட்டர் போட்டிருக்கியே, தூங்கறது எந்த ரோட்டுலடா?" என்று கேட்டார். நானூற்றைம்பது, ரொம்ப நல்ல ரோடாக இருந்தால் ஐநூறு, அதற்கு மேல் வேண்டாம் என்றார். இரவு ஓட்டவே கூடாது என்றார். அதன்படி பிரித்தோம்.

சந்தவாசல், வேலூர், சித்தூர், திருப்பதி, நெல்லூர் வழியாக முதல் நாள் ஓங்கோல். இரண்டாம் நாள் விசாகப்பட்டினம், மூன்றாம் நாள் புவனேஸ்வர், நான்காம் நாள் கொல்கத்தா. ஐந்தாம் நாள் ஓய்வு. பிறகு மால்டா, சிலிகுரி, எட்டாம் நாள் மாலை ஜெய்கான். ஜெய்கான் இந்தியா; தெருவைத் தாண்டினால் பூடானின் புன்ட்ஷோலிங். நடுவே ஒரு அலங்கார வாயில். அங்கே ஒரு முழுநாள் காகிதத்துக்கு. பிறகு திம்பு, பாரோ. திம்புவில் டிராஃபிக் சிக்னலே கிடையாது, போலீஸ்காரர் கையால்தான் காட்டுகிறார்! தலைநகரம் அது.

அங்கிருந்து சிலிகுரிக்கே திரும்பி, பானிடங்கியில் மேச்சி ஆற்றைக் கடந்தால் நேபாளத்தின் காகர்பிட்டா. கிழக்கு மேற்காக ஓடும் மகேந்திரா நெடுஞ்சாலை அங்கே தொடங்குகிறது. வழியில் கோசி அணைக்கட்டின் 56 மதகுகளுக்கு மேலேயே ரோடு போகிறது. சிவில் நண்பர்கள் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். ஜனக்பூரில் ஒரு இரவு, பின் காத்மாண்டு, பின் லும்பினி. சுனௌலி எல்லையில் வெளியே வந்து கோரக்பூர், வாரணாசி. திரும்பும் வழி ஜபல்பூர், நாக்பூர், ஐதராபாத், அனந்தபூர், கிருஷ்ணகிரி. பழைய கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 7 வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது, 2,369 கிலோமீட்டர். காசிக்கும் நம்ம கிருஷ்ணகிரிக்கும் ஒரே ரோடு என்பது எனக்கு இந்த நோட்டு போடும்போதுதான் தெரிந்தது.

அப்பா கேட்ட இடம் ஒன்றே ஒன்று, காசியில் மதன்புரா. "கோயில் எல்லாம் அப்புறம். அவங்க குழித்தறியில புட்டா எப்படிப் போடறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். பனாரஸ் புடவை நெய்பவர்கள் நிறைய இருக்கும் தெரு அது. ஒரு நாள் முழுக்க அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

மொத்தம் சுமார் 6,500 கிலோமீட்டர், 27 நாள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 406 லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் சுமார் 38,500 ரூபாய். இப்போது பூடானைப் பாருங்கள். 2022 செப்டம்பர் முதல் இந்தியர் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 19,200 ரூபாய். வண்டிக்கு நாள் கணக்கில் தனி. அதாவது ஆறாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் ஓடும் டீசலில் பாதி, நாலு ராத்திரியில் போய்விடுகிறது! முதலில் பூடானுக்கு ஏழு இரவு போட்டிருந்தோம். இந்தக் கணக்கு வந்ததும் நான்காயிற்று. பூடான் பணம் நம்ம ரூபாய்க்குச் சமம். நேபாளத்தில் நம்ம 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். அங்கே 2018-ல் நம் 200, 500 நோட்டுகளுக்குத் தடை வந்தது. இந்த விதி மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும்போது விசாரித்துக்கொண்டு, எதற்கும் நூறு ரூபாய்க் கட்டாக எடுத்துப்போவது நல்லது.

தங்கல், சாப்பாடு, டோல் எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு 35,000 ரூபாய்க்குக் குறையாது. அப்பா தறியில் இது எத்தனை சேலை என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையை வீட்டில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தத் திட்டம் இந்த மே மாதத்துக்கு இல்லை. டிப்ளமோ முடித்து ஒரு வருடம் அப்ரென்டிஸ் போய், உதவித்தொகையில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்து, அது முடிந்து வேறு வேலையில் சேர்வதற்குள் கிடைக்கும் இடைவெளியில் போவது. பணம் சேரவும் ஒரு வருடம், காகிதம் திருந்தவும் ஒரு வருடம். சி.பி.எம். பாஷையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வேலைகள். அவ்வளவு பணம் முடியாது என்பவர்கள் ரயிலில் நியூ ஜல்பைகுரி வரை போய், அங்கிருந்து பஸ்ஸிலும் ஷேர் ஜீப்பிலும் நேபாளம் மட்டும் பார்க்கலாம். பத்து நாளில் முடியும், செலவும் ரொம்பக் குறையும்.

மாதத்தை நாங்கள் விருப்பப்படி எடுக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இமயமலைப் பக்கம் மழை. 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் மலை சரிந்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்களோடு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றில் தள்ளிவிட்டது. எங்கள் பாதையும் அதே சாலைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கரையில் புயல் பயம். ஆகவே மே முதலில் கிளம்பி ஜூனுக்குள் வீடு. நாக்பூர் வெயில் கொளுத்தும் என்கிறார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்தவனிடம் போய்ச் சொல்கிறார்கள்!

27 நாளோடு மூன்று நாள் சும்மா வைத்திருக்கிறோம். 1957 ஏப்ரல் 15 அன்று லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பஸ் கிளம்பியது, 'இண்டியாமேன்' என்று பெயர். ஜூன் 5 அன்று வந்து சேர்ந்தது. போய்த் திரும்பி லண்டன் சேர்ந்தபோது திட்டத்தைவிட 16 நாள் தாமதம். 2025 செப்டம்பரில் நேபாளத்தில் இளைஞர் போராட்டம் வெடித்து, ஊரடங்கு போட்டு, காத்மாண்டு விமான நிலையத்தையே மூடியபோது அங்கே மாட்டிக்கொண்ட இந்தியப் பயணிகள் எந்தத் திட்டத்தில் அதை எழுதியிருப்பார்கள்?

தேதியைப் பின்னாலிருந்து எண்ணினோம். பூடானில் வண்டி அனுமதி தரும் அலுவலகம் வேலை நாளில் திறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை போய்ச் சேர்ந்தால் ஜெய்கானில் இரண்டு நாள் லாட்ஜ் வாடகை தண்டம். திங்கள் காலை கவுண்டரில் நிற்க வேண்டும் என்றால் எட்டாம் நாள் ஞாயிறாக வர வேண்டும். அப்படியானால் சந்தவாசலில் கிளம்புவதும் ஒரு ஞாயிறு. விடியற்காலை நாலரை மணி என்று எழுதியிருக்கிறோம். வண்டியில் ஐந்தாவது சீட் காலி. நோட்டு என்னிடம் இருக்கிறது, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் வந்து பார்க்கலாம். வாக்காளர் அட்டையும் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டும் கொண்டுவரவும்.