திங்கட்கிழமை மாலை
(இல்லத்தில் இறைவழிபாடு — 9)

சென்ற வாரம் யூதர் இல்லங்களில் வெள்ளிக்கிழமை அந்தி சாயுமுன் தாய் ஏற்றிவைக்கும் தீபங்களையும், போஜனத்துக்கு அமருமுன் தகப்பன் மக்களின் சிரசில் கைவைத்துச் சொல்லும் ஆசீர்வாதத்தையும் பார்த்தோம். எத்தனையோ தலைமுறைகளாக வழுவாமல் வரும் அந்த அனுஷ்டானத்தை விட்டு, நூற்றிருபது வயதுகூட நிரம்பாத இளைய வழக்கம் ஒன்றை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார், அமெரிக்காவின் மேற்கே யூட்டா மாகாணத்தில் தொடங்கி, தாங்கள் குடியிருக்கும் தேசங்களிலெல்லாம் கைக்கொண்டுவரும் ‘இல்ல மாலை’ அது. ஆலயமும் போதகரும் இன்றி, வீட்டுக் கூடத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே கூடி நடத்தும் இந்த வழிபாட்டில் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் பாடங்கள் பல; அவற்றுள் நன்றியறிதல் ஒன்றைப் பற்றி மட்டுமே இங்கே பேச நினைக்கிறேன். எல்லா நாட்டுப் பெற்றோரும் தம் மக்களிடம் மிகுதியாக எதிர்பார்ப்பதும், கற்பிக்கப் புகுந்தால் மிகுதியாகத் தவறிப்போவதும் அந்த ஒரு குணத்தில்தான்.

தவறுவது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுவது நலம். “உனக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?” என்று ஆரம்பிக்கும் பிரசங்கத்தைக் கேளாமல் வளர்ந்தவர்கள் நம்மில் சொற்பம். பள்ளிச் சம்பளம் கட்டியது, காய்ச்சலில் கண்விழித்தது, தாம் உடுத்தாமல் பிள்ளைக்கு உடுத்தியது என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் தகப்பனார் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் அவர் தகப்பனாராக இராமல், பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு வட்டிக்கு மேல் வட்டி கூட்டிச் சொல்லும் லேவாதேவிக்காரராக மாறிவிடுகிறார். எதிரே நிற்கும் பிள்ளை தலை குனிந்து கேட்டுக்கொள்ளும். என்றாவது ஒருநாள் இந்தக் கடனைத் தீர்த்துவிட்டு விடுபட வேண்டும் என்றும் உள்ளூர எண்ணிக்கொள்ளும். தீர்த்துவிட்டு விலகிப்போகத் தூண்டுகிற உணர்ச்சிக்கு நன்றி என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்?

இல்ல மாலைக்கு உருவம் கொடுத்த ஜோசப் எப். ஸ்மித்தின் பால்யத்தைப் பார்த்தால், அவர் இந்தக் குணத்தைக் கற்றுக்கொண்டது வேறொரு வழியில் என்பது விளங்கும். 1838-ல் பிறந்த அவருக்கு ஆறு வயது நிரம்புமுன், 1844 ஜூன் மாதத்தில், சபையின் ஸ்தாபகரான ஜோசப் ஸ்மித்தும், அவருடைய தமையனாரும் நம் சிறுவனின் தந்தையுமான ஹைரமும், இல்லினாய் மாகாணத்துக் கார்த்தேஜ் சிறையில் ஒரு வெறிபிடித்த கும்பலால் சுடப்பட்டு இறந்தார்கள். விதவையான மேரி பீல்டிங் ஸ்மித், நான்கு வருஷங்களுக்குப் பின் குடும்பத்தை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, அகன்ற சமவெளிகளையும் மலைகளையும் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தாள். ஒன்பது வயதுப் பையனாகிய ஜோசப்பும் அந்தப் பிரயாணத்தில் ஒரு வண்டியை ஓட்டி வந்தான்.

புதுக் குடியேற்றத்தில் விளைவு சொற்பம். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குச் செலுத்துவது அவர்களுடைய நெறி. ஒரு வசந்த காலத்தில், மண்ணுக்குள் குழிவெட்டிச் சேமித்து வைத்திருந்த உருளைக்கிழங்கைத் திறந்தபோது, அதில் நல்ல கிழங்காகப் பொறுக்கி வண்டியில் ஏற்றும்படி மேரி தன் பிள்ளைகளிடம் சொல்லி, அதைத் தசமபாகக் காரியாலயத்துக்குக் கொண்டு சென்றாள். அங்கிருந்த உத்தியோகஸ்தர், ஏழை விதவையாகிய அவள் செலுத்துவது தகாது என்று மனமிரங்கிச் சொன்னார். அவளோ, எனக்குக் கிடைக்கவேண்டிய ஆசீர்வாதத்தை நீர் மறுக்கப் பார்க்கிறீரா என்ற கருத்துப்பட அவரையே கடிந்துகொண்டு, கிழங்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினாள். 1852-ல், மகனுக்குப் பதின்மூன்று வயதிருக்கையில், அவள் காலமானாள். அரை நூற்றாண்டு கழித்து, 1900-ம் வருஷத்துச் சபை மாநாட்டில் முதியவராக நின்ற அந்த மகன், இந்த விருத்தாந்தத்தைத் தாமே எடுத்துரைத்தார். தாய் தனக்குச் செய்த உபகாரங்கள் ஆயிரம் இருக்க, அவர் சபையின் முன் எடுத்து வைத்தது, அந்தத் தாய் தன்னிலும் மேலான ஒருவருக்கு முன் தன்னைக் கடமைப்பட்டவளாக வைத்து நடந்துகொண்ட இந்த நிகழ்ச்சியை. பெற்றோருடைய உபகாரத்தைக் காட்டிலும் அவர்களுடைய நன்றியே குழந்தையின் நெஞ்சில் ஆழமாகப் பதிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தோன்றவில்லை.

1901-ல் அவர் சபையின் தலைவரானார். 1909-ல் சால்ட் லேக் பிரதேசத்தைச் சேர்ந்த கிரானைட் என்னும் வட்டாரத்தில், அங்கிருந்த சபைத் தலைவர் பிராங்க் டெய்லரின் முயற்சியால், வாரம் ஒரு மாலையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. அதன் பலனைக் கண்டு, 1915 ஏப்ரல் 27-ந் தேதியிட்டு ஜோசப் எப். ஸ்மித்தும் அவருடைய ஆலோசகர்களும் சபையார் அனைவருக்கும் ஒரு கடிதம் விடுத்தார்கள். மாதம் ஒரு முறையேனும், கூடுமானால் அதற்கு மேலும், பெற்றோர் தம் மக்களைக் கூட்டி வைத்து ஜெபம், பாட்டு, வாத்தியம், வேதவாசிப்பு, குடும்ப விஷயங்களைப் பற்றிய சம்பாஷணை ஆகியவற்றில் அந்த மாலையைக் கழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எளிய விளையாட்டுகளும், பெரும்பாலும் வீட்டிலேயே தயாரித்த சிற்றுண்டியும் வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதைக் காணும்போது, குழந்தைகளின் மனம் அறிந்தவர்கள் வரைந்த கடிதம் அது என்று நம்பத் தோன்றுகிறது. 1965-ல் ஒவ்வொரு வாரத்துக்கும் உரிய பாடங்கள் புத்தகமாக அச்சிட்டு வழங்கப்பட்டன. 1970-ல், அப்போதைய தலைவரும் ஜோசப் எப். ஸ்மித்தின் புதல்வருமான ஜோசப் பீல்டிங் ஸ்மித்தின் காலத்தில், திங்கட்கிழமை மாலை இதற்கென்றே நிச்சயிக்கப்பட்டு, அன்று மாலை சபையில் வேறு கூட்டங்கள் எதுவும் கூடாது என்றும் ஏற்பாடாயிற்று. பாட்டியின் பெயரில் ஒரு பகுதியைத் தம் பெயரில் தாங்கிய பேரன் காலத்தில் அந்த மாலை நிலைபெற்றது ஒரு பொருத்தம்தான்.

அந்த மாலை நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. பல வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும். பாட்டு, தொடக்க ஜெபம், பாடம், விளையாட்டு, பலகாரம், முடிவு ஜெபம் என்று அதில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறிய கொக்கி மாட்டியிருப்பார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் எழுதிய வில்லைகள் வாரந்தோறும் ஒரு கொக்கியிலிருந்து அடுத்த கொக்கிக்கு நகர்ந்துகொண்டே போகும். நான்கு வயதுக் குழந்தைக்கும் ஜெபம் சொல்லும் முறை வரும். தாய் காதோடு காதாக எடுத்துக் கொடுக்க, அது மழலையில் திருப்பிச் சொல்லும். குடும்பத் தலைவருக்கும் ஒரு வாரம் சோளப்பொரி பொரித்துக் கொண்டுவரும் முறை வரும். பத்து வயதுச் சிறுமி பாடம் நடத்த, தாயும் தகப்பனும் தரையில் அமர்ந்து கேட்பார்கள். கொடுப்பவர் இன்னார், பெறுபவர் இன்னார் என்று எந்நாளும் மாறாதிருக்கும் குடும்ப ஒழுங்கு, அந்த ஒரு மணி நேரத்துக்கு மாறிவிடுகிறது. தான் மாவு பிசைந்து சுட்ட பிஸ்கோத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, அண்ணன் என்ன சொல்லப் போகிறானோ என்று முகத்தையே பார்த்து நிற்கும் சிறுவனுக்கு, தினமும் தனக்குச் சோறு போடுகிறவள் எதற்காகத் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்பது முதன்முறையாகப் புரிகிறது. எத்தனை உபதேசம் செய்தாலும் வராத அறிவு அது.

நன்றியைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாலைகளில், அவரவர் நன்றி சொல்ல விரும்புவதைக் காகிதத்தில் வெட்டிய இலைகளில் எழுதி, சுவரில் வரைந்த மரத்தில் ஒட்டுவதுண்டு. ஆசிரியருக்கோ அண்டை வீட்டுக் கிழவிக்கோ ஒரு கடிதம் எழுதி, பலகாரத்தோடு குழந்தைகளே கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. கதைகளுள், லூக்கா சுவிசேஷத்தில் குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த ஒருவனைப் பற்றிய கதை எல்லாக் கிறிஸ்தவர்க்கும் பொது. அவர்களுக்கே உரியது, 1830-ல் நியூயார்க் மாகாணத்துப் பால்மைராவில் அச்சேறிய மார்மன் நூலிலுள்ள பெஞ்சமின் அரசனின் கதை. முதுமையெய்திய அந்த அரசன் பிரஜைகளை ஆலயத்தருகே கூட்டியபோது, அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்து, வாசலை ஆலயத்தை நோக்கி வைத்து அமர்ந்தார்களாம். வரிப்பளுவை உங்கள்மேல் சுமத்தாதிருக்க நானே என் கைகளால் உழைத்தேன் என்று அரசன் சொல்கிறான். சொன்ன கையோடு, பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்கிறான். உங்கள் அரசனாகிய எனக்கே நன்றி உரியதென்றால் பரலோகத்து அரசருக்கு எவ்வளவு உரியது என்று கேட்டு, தன்னை நோக்கி வந்த நன்றியை மேலே திருப்பிவிடுகிறான். தானும் அவர்களைப் போலவே கடன்பட்டவன் என்று கொடுத்தவனே ஒப்புக்கொள்ளும் இந்த இடத்தில், பெற்றவனுடைய தலைகுனிவு மறைந்து, இருவரும் தோளோடு தோள் நிற்கும் சமத்துவம் பிறக்கிறது. தெய்வத்தை முன்னிறுத்திய வீட்டில் நன்றியைக் கற்பிப்பது சற்று எளிது என்று நான் எண்ணுவதற்கு இதுவே காரணம்: அங்கே பெற்றோரும் நன்றி சொல்லும் பக்கத்தில் மண்டியிட இடம் இருக்கிறது.

இவ்வளவும் நயமாகவே நடந்துவிடுகிறது என்று எவரும் எண்ண வேண்டாம். ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும் ஒரே குடும்பச் சண்டை இல்ல மாலைதான் என்று அச்சபையாரே பரிகாசமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. இலைகளில் எழுதும் நன்றியும், வாரா வாரம் அம்மா, அப்பா, நாய்க்குட்டி என்று அதே வரிசையில் ஒப்புவிக்கும் பாராயணமாகத் தேய்ந்துபோகக் கூடும். அதற்கு அவர்களிடம் இருக்கும் மாற்று, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உபவாசம். இரண்டு வேளை ஆகாரத்தை விட்டு, அதன் விலையையேனும் ஏழைகளுக்கென்று காணிக்கையாகக் கொடுத்துவிடுவார்கள். சிறு குழந்தைகள் உபவாசம் இருப்பதில்லை. ஆயினும் வீட்டுப் பெரியவர்கள் பசியோடிருப்பதை அவர்கள் காண்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தின் அர்த்தம், சாப்பாடில்லாத அந்த ஞாயிற்றுக்கிழமையன்று, தாயின் வாடிய முகத்திலிருந்தே அவர்களுக்குத் தெரியவருகிறது. உருளைக்கிழங்கு வண்டியின் பக்கத்தில் நின்ற சிறுவன் கண்டதும் இந்த வகைக் காட்சிதான்.

அந்தச் சபையின் கொள்கைகள் நமக்கு உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதில்லை; மற்றக் கிறிஸ்தவ சபைகளே அவற்றுள் பலவற்றை ஏற்பதில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டாரும், இரவில் குடும்ப ஜெபம் நடத்தும் வீட்டாரும், மகரிபுத் தொழுகைக்குப் பின் ஒன்றாக அமரும் வீட்டாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. குழந்தை நன்றி சொல்லவில்லையே என்று குறைப்படுமுன், தாம் நன்றி சொல்வதை அந்தக் குழந்தை கடைசியாக எப்போது கேட்டது என்று பெற்றோர் யோசித்துப் பார்க்கலாம். சமைத்தவளுக்குக் கணவனும், கடைக்குப் போய்வந்த மகனுக்குத் தாயும், படிக்க வைத்த தமக்கைக்குத் தகப்பனாரும், இவர்கள் எல்லோருக்கும் மேலே உள்ள கடவுளுக்கு அனைவரும் ஒருமிக்க நன்றி சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது வீட்டுப் பாஷையாகிவிடும். தாய்மொழியைப் போல, கற்பிக்காமலே வரும்.

நன்றியை வாயால் சொல்வதோடு நில்லாமல், அன்றாடச் சமையலிலிருந்தே அதற்கு ஒரு பங்கை எடுத்து வைக்கும் குடும்பங்களும் நம் தேசத்தில் இருக்கின்றன. மிஸோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியே எடுத்து வைக்கும் வழக்கம் 1910-ல் தொடங்கியது. அதையும், காஞ்சிப் பெரியவர் நம்மவர்க்கு எடுத்துச் சொன்ன பிடியரிசித் திட்டத்தையும் அடுத்த வாரம் அருகருகே வைத்துப் பார்ப்போம்.