அச்சாரம் அல்ல ஆப்ஷன்

ஆப்ஷன் என்பது நாள் குறித்த ஒப்பந்தம். ஒரு பங்கையோ குறியீட்டையோ முன்பே பேசிய ஸ்ட்ரைக் விலையில் வாங்கும் உரிமை ‘கால்’. விற்கும் உரிமை ‘புட்’. உரிமைக்குக் கொடுக்கும் தொகை பிரீமியம். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில் கணக்குத் தீர்க்கும் முறை குறியீட்டுக்கு ஒன்று, தனிப்பங்குக்கு வேறு.

நிஃப்டி போன்ற குறியீட்டை யாரும் கையில் வாங்க முடியாது; அதனால் அதன் கணக்கு ரொக்கத்திலேயே தீர்கிறது. 25,000 கால் வைத்திருக்கும்போது குறியீடு 25,120இல் முடிந்தால், 120ஐ லாட் அளவால் (ஓர் ஒப்பந்தத்தில் அடங்கிய எண்ணிக்கையால்) பெருக்கிய தொகை வரவாகும். 24,990இல் முடிந்தால் பூஜ்யம். கட்டிய பிரீமியம் போயிற்று. 2025 செப்டம்பர் முதல் தேசிய பங்குச் சந்தையின் ஒப்பந்தங்கள் செவ்வாயிலும், மும்பை பங்குச் சந்தையின் ஒப்பந்தங்கள் வியாழனிலும் முடிகின்றன.

தனிப்பங்கு ஆப்ஷனில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஏரலைச் சுற்றிய தாமிரபரணிக் கரையில் வாழைத்தாருக்கு அச்சாரம் கொடுத்தவர், விலை ஒத்துவராவிட்டால் அச்சாரத்தை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பிரீமியமும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் டெலிவரி, அதாவது பங்கையே கைமாற்றுவது, கட்டாயம். 1,000 ரூபாய் ஸ்ட்ரைக்கில், 500 பங்கு கொண்ட ஒரு லாட் காலை, பங்குக்கு 4 ரூபாய் வீதம் 2,000 ரூபாய்க்கு ஒருவர் வாங்குகிறார் என்று கொள்வோம். பங்கு 1,003இல் முடிந்தால் ஒப்பந்தம் தானாகவே நிறைவேறும். அவர் 5 லட்சம் ரூபாய் கட்டி 500 பங்குகளையும் எடுத்தாக வேண்டும். பங்கு ஸ்ட்ரைக்குக்குக் கீழே முடிந்தால், புட் வைத்திருப்பவர் பங்குகளை டீமேட் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போகும், இழப்பு அவர் தலையில் விழும். எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே டெலிவரி மார்ஜின் எனும் பிணைத்தொகை படிப்படியாக ஏறுகிறது. பணமோ பங்கோ இல்லாதவர் அதற்குள் விற்று வெளியேறுவதே வழி. கடைசி நாள் வரை காத்திருந்தால் அந்த ஸ்ட்ரைக்கை வாங்க ஆள் கிடைக்காமலும் போகலாம்.

ஆப்ஷனை எழுதி விற்பவரின் நிலை இதைவிடக் கடினம்: கையில் பங்கு இல்லாமல் கால் விற்றவரின் நஷ்டத்துக்கு வரம்பே இல்லை.

இது பெருநகரத்துச் சிக்கல் மட்டும் அல்ல. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எதிர்கால, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வணிகம் செய்தவர்களில் 72 சதவீதம் பேர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே உள்ளவர்கள். ஏரல் போன்ற ஊர்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தக் குறிப்பு பெறுவது வாடிக்கையாளரின் உரிமை. அதில் உள்ள விலையையும் கட்டணத்தையும் எக்ஸ்பைரிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். முரண்பட்டால் முதலில் புரோக்கருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். தீராவிட்டால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் ஓராண்டுக்குள் பதிவு செய்யலாம். அங்கு 21 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் பிறகு ‘ஸ்மார்ட் ஓடிஆர்’ தளத்தில் சமரசமும் நடுவர் தீர்ப்பும் உண்டு. செபியின் கட்டணமில்லா எண் 1800 266 7575. செபியில் பதிவு பெறாத செயலியிலோ, சந்தைக்கு வெளியே சட்டவிரோதமாக நடக்கும் ‘டப்பா’ வணிகத்திலோ போட்ட பணத்துக்கு இந்த வழிகள் எதுவும் பொருந்தாது. அத்தகைய மோசடிக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.