பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு: தோட்டப் பள்ளி ஆசிரியரின் பார்வையில்

பள்ளிவாசல்: பெற்றோரைச் சந்திப்பது ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்ட செயல் அன்று, சட்டம் விதித்த கடமை. குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோருக்கு எடுத்துரைக்க ஆசிரியர் தொடர்ந்து கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது, 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. அக்கூட்டத்துக்கு வரும் தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிப்பது பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறை ஒட்டிய பள்ளிவாசல் பகுதியில் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். 1940-இல் இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் இது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். போனஸும் கூலி உயர்வும் கோரி 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் திரண்டபோது நாட்கூலி 232 ரூபாய். அதன் பின்னரே 301 ரூபாயானது. வேலை நாளில் கூட்டம் வைத்தால் கூலியை இழந்துதான் தாய் பள்ளிக்கு வர வேண்டும். வராதவரை அக்கறையற்றவர் என்று எழுதிவிடுவது எளிது, நியாயமன்று.

வந்தவர்களிடம் என்ன பேசுகிறோம் என்பதும் கேள்வியே. மற்றவர் முன்னிலையில் மதிப்பெண்ணை உரக்க வாசித்தால் அந்தப் பெற்றோர் மறுமுறை வரமாட்டார். மதிப்பெண் அட்டையிலேயே இருக்கிறது. ஆசிரியர் அறிய வேண்டியது வேறு: பிள்ளை இரவில் எப்போது உறங்குகிறது, லயத்தில் படிக்க இடம் உண்டா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது யார்? வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்பதற்கு முன் இவை தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் அறிய வேண்டியதும் உண்டு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. தமிழ்வழியா, ஆங்கிலவழியா, எந்த வகுப்பில் மாறுவது என்பதை ஐந்து நிமிடச் சந்திப்பில் விளக்க இயலாது.

கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் 24-ஆவது பிரிவு வரையறுக்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 விழுக்காட்டினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஞாயிறா, வேலை முடிந்த மாலையா என்று அங்கு பேசி முடிவெடுக்கலாம். ஞாயிறு என்றால் ஆசிரியரின் ஓய்வு நாள் போகும். மாலை என்றால், தொலைவிலிருந்து வருபவருக்குக் கடைசிப் பேருந்து பற்றிய கவலை.