பெரிய தொட்டிக்கு மாற்றினால் மீன் ஏன் சாகிறது?

தவறணையிலிருந்து தேயிலைக் கன்றை மலைக்கு எடுத்துப் போகிறவர்கள் வேர்மண்ணை உதிரவிட மாட்டார்கள். பதுளையில் ஒரு வீட்டுப் பவளத் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போதும் காக்க வேண்டியது அப்படியொரு வேர்மண்தான். அது தண்ணீரில் அதிகம் இல்லை, கல்லில் இருக்கிறது.

மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றும். துளைக் கற்களில் ஒட்டி வாழும் ஒருவகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை, நஞ்சு மிகக் குறைந்த நைத்திரேற்றாக்கும். கற்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரீன் இந்தக் கூட்டத்தைக் கொன்றுவிடும். மறுபடி பெருக வாரக்கணக்காகும். மீன் அதுவரை தாங்காது. ஆகவே கற்கள் காயாமல், பழைய உப்புநீரில் மூழ்கியபடியே இடம் மாற வேண்டும்.

அடிமணல் வேறு கதை. ஆழமாகக் கிளறினால் கரிய கலங்கல் எழும், அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒட்சிசன் எட்டாத அடியில் ஊறிய நச்சு ஐதரசன் சல்பைட்டின் நாற்றம் அது. பழைய மணலைக் கைவிட்டுப் புதுமணல் போடுவதே நல்லது.

கூடுதல் நீருக்கு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. பவளம் தன் கூட்டைக் கட்டக் கேட்கும் கல்சியம் அதில் போதாது. பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் புதுநீர் 25 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். சூடாக்கியைப் போட்டு, பழைய நீரின் வெப்பமும் உப்பும் ஒத்துவந்த பிறகே பவளத்தை இறக்குங்கள். முதல் நாள் அது உணர்கொம்புகளை உள்ளிழுத்து வெறுங்கல்லாய்க் கிடக்கும். பதறிப்போய் இடம் மாற்றாதீர்கள். நீர் சரியாக இருந்தால் தானாகவே விரியும்.