படர்தாமரையும் விளையாட்டு வீரரும்

மும்பையில் ஜூன் மாதத்தில் மழை பிடித்தால் செப்டம்பர் வரையில் உலர்ந்த துணி என்பது அரிய பொருளாகி விடுகிறது. தாராவியில் ஒரே அறையில் ஐவரும் அறுவரும் வாழும் வீடுகளில், கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஆயினும் நம் பிள்ளைகளின் விளையாட்டு நிற்பதில்லை. சேற்றில் கால்பந்து ஆடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள், மாதுங்காவிலும் செம்பூரிலும் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்கிறார்கள். நனைந்த ஆடையுடனே ரயிலேறி வீடு திரும்புகிறார்கள். இந்தப் பருவத்தில்தான் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் விரலிடுக்கிலும் அரிப்புத் தோன்றுகிறது. வெளியே சொல்ல நாணி அதை மறைக்கிறோம். அந்த நாணமே நோய்க்கு முதல் துணையாகிறது. ஆகவே அதைப் பற்றி இன்று ஒளிவின்றிப் பேசுவோம்.

இந்நோய்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் மொழியிலேயே இவற்றுக்குப் பெயர்கள் உண்டு. வயற்சேற்றில் நின்று உழைப்போரின் கால்விரலிடுக்கில் தோல் வெந்து வெடிப்பதைச் சேற்றுப்புண் என்றனர் நம் முன்னோர். அதேபோன்ற புண், நாள் முழுவதும் காலணிக்குள் வியர்த்துக் கிடக்கும் ஓட்டக்காரனின் காலிலும் உண்டாகிறது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் சற்றுத் தெளிந்து, வட்டமாகப் பரவுவது படர்தாமரை. மார்பிலும் முதுகிலும் நிறம் மாறிய திட்டுகளாகத் தோன்றுவது தேமல். இவற்றுள் தேமல் தோலில் இயல்பாகவே வாழும் ஒரு நுண்ணுயிர் மிகுவதால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. படர்தாமரையோ தொற்றும் நோய். ஊறுகாயில் பூக்கும் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்த கிருமியே அதற்குக் காரணம். அது தோலின் மேற்புறத்திலுள்ள கெரட்டின் என்னும் பொருளை உண்டு வாழ்கிறது. அதற்கு வேண்டியவை வெப்பமும் ஈரமும். விளையாடும் உடலில் இரண்டும் நிறைய உண்டு.

விளையாடுவோருக்கு வேறு இடர்களும் உள்ளன. கபடியிலும் மல்யுத்தத்திலும் உடலோடு உடல் உராய்கிறது. சிறு சிராய்ப்புகளின் வழியே கிருமி எளிதில் புகுகிறது. ஒரே துண்டைப் பலர் பயன்படுத்துகிறோம். முழங்கால் உறையை இரவல் வாங்குகிறோம். நோயுற்றவரின் தோலிலிருந்து உதிரும் செதில்களில் இக்கிருமி பல மாதங்கள் உயிருடன் இருக்க வல்லது.

ஆயினும் இந்நோயை இன்று பெருந்தொல்லையாக்கியது மழை மட்டும் அன்று; நாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பும் ஆகும். அரிப்புக்கு என்று விற்கப்படும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்துள்ளது. அதைப் பூசியதும் அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மறைகிறது. நோய் தீர்ந்தது என்று மகிழ்கிறோம். உண்மையில் தீர்ந்தது நோயன்று. அரிப்பும் சிவப்பும் கிருமியை எதிர்த்து உடல் எழுப்பும் குரல். ஸ்டீராய்டு அந்தக் குரலை அடக்கி விடுகிறது. திருடன் புகுந்த வீட்டில், குரைக்கும் நாயின் வாயைக் கட்டியது போலாகும் இது. களிம்பை நிறுத்தியதும் படர்தாமரை முன்னிலும் அகலமாக எழுகிறது. மீண்டும் அதே களிம்பைத் தேடுகிறோம். மாதக்கணக்கில் பூசியவரின் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, என்றும் மாறாத கோடுகள் விழுகின்றன. இத்தீங்கை உணர்ந்தே 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று அறிவித்தது. சட்டம் வந்தபின்னும், கேட்டு வாங்கும் வழக்கத்தை நாமே விட்டாலன்றிப் பயனில்லை.

மற்றொரு செய்தியும் கவலைக்குரியது. படர்தாமரைக்கு நெடுநாள் நன்கு பயன்பட்ட மருந்து டெர்பினாபின். கிருமி தன் உயிரணுவின் உறையை அமைக்கத் தேவையான ஒரு நொதியை அம்மருந்து தடுக்கிறது. இப்போது அந்நொதியின் வடிவமே மாறிய ஒரு கிருமி நம் நாட்டில் பரவியுள்ளது. பூட்டு மாறிய பின் பழைய சாவி பொருந்தாதது போல, அம்மருந்து அதனிடம் பலிப்பதில்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2020-ஆம் ஆண்டில் அதற்கு டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று, நம் நாட்டின் பெயர் விளங்கும்படியே பெயரிட்டனர். 2023-இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. ஆகவே ‘போன முறை இது கேட்டது’ என்று பழைய மருந்தையே நாமாக வாங்குவது சரியன்று.

வருமுன் காக்கும் வழிகள் எளியவை. ஆட்டம் முடிந்ததும் நனைந்த உடையைக் களைந்து உலர்ந்த உடை அணிய வேண்டும். பையில் ஒரு மாற்றுடை எப்போதும் இருக்கட்டும். குளித்தபின் விரலிடுக்கு, தொடையிடுக்கு, அக்குள் ஆகியவற்றை நன்கு துவட்ட வேண்டும். இறுகிய உள்ளாடையைத் தவிர்த்துத் தளர்ந்த பருத்தி ஆடை அணிவது நன்று. காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். இரண்டு சோடிக் காலணி வைத்து மாற்றி மாற்றி அணிந்தால் ஒன்று காய நேரம் கிடைக்கும். வெயில் காணாத நாளில், துணி முற்றும் காயும்வரை இஸ்திரி போட்டு அணியலாம். துண்டு, சீப்பு, சவரக்கத்தி ஆகியவற்றை ஒருவருக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது செலவன்று, சேமிப்பு.

நோய் கண்டுவிட்டால் நாணாமல் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாராவிக்கு அருகிலேயே சயான் மருத்துவமனை என்று நாம் அழைக்கும் லோகமானிய திலக் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. முன்பு பூசிய களிம்பின் குழாயையும் கொண்டு சென்று காட்டுவது நலம். மருத்துவர் தரும் பூச்சைப் புண்ணின் மேல் மட்டுமன்றி, அதன் ஓரத்துக்கு அப்பால் இரண்டு சென்டிமீட்டர் வரையிலும் தடவ வேண்டும். அரிப்பு நின்ற அன்றே நிறுத்தாமல், தோல் தெளிந்தபின்னும் அவர் சொல்லும் நாள்வரை தொடர வேண்டும். அடிக்கடி வருமாயின் நீரிழிவு உண்டா என்றும் பார்த்துக்கொள்வது தகும். வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு இருந்தால் அவருக்கும் உடனே மருத்துவம் செய்ய வேண்டும். இல்லையேல் மகனுக்கு ஆறியது தாயிடமிருந்து மீண்டும் வரும். நோயுற்றவரின் துணிகளைத் தனியே வெந்நீரில் துவைப்பது அவசியம். உடலோடு உடல் மோதும் ஆட்டத்துக்கு, மருத்துவர் இசைந்த பின்னரே திரும்ப வேண்டும்.

குழுத்தலைவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரிப்பு என்று சொல்லும் பையனை எவரும் ஏளனம் செய்யவிடாதீர்கள். ஏளனத்துக்கு அஞ்சி அவன் மறைத்தால் குழு முழுவதற்கும் அது பரவும். அல்லது அவன் ஆட்டத்தையே விட்டுவிடுவான். ஊரை விட்டு வந்து, நெருக்கடியான இடத்தில் வாழும் நம் இளைஞருக்கு விளையாட்டு ஒரு பெரும் செல்வம். சற்று உலர்ந்த துணியும், ஒளிவற்ற பேச்சும், முறையான மருத்துவமும் இருந்தால் அச்செல்வத்தை அவர்கள் இழக்க வேண்டியதில்லை.