செருகினால் பறக்கும் வௌவால்... தெரியுமா?

செல்போனுக்குப் போடுவது மாதிரி ஒரு விமானத்துக்கு சார்ஜ் போட்டு, இரண்டு பேர் ஏறிப் பறந்துவிட்டு வரலாம் என்பது தெரியுமா? பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி ஓட்டிப் பழகலாம், அரசாங்க முத்திரையும் உண்டு! செய்தது அமெரிக்காவா, ஜெர்மனியா, ஜப்பானா? ஸ்லோவேனியா! மொத்த நாட்டின் ஜனத்தொகையே ஏறத்தாழ 21 லட்சம்தான். சென்னையில் பாதிகூடத் தேறாது. அந்த நாட்டிலும் தலைநகரில் இல்லை. 'பூர்யா' என்ற மலைக்காற்று அடித்தால் லாரியே சாய்ந்துவிடும் விபாவா பள்ளத்தாக்கில், அய்தோவ்ஷ்சினா என்கிற சிற்றூரில்.

கம்பெனியின் பெயர் பிபிஸ்ட்ரெல். வௌவாலின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. விமானக் கம்பெனிக்கு ஏன் வௌவால் பெயர்? அந்தக் கதை சினிமாவுக்கு ஆகும்! 1980களில் அது யூகோஸ்லாவியா. தனி ஆள் மோட்டார் வைத்துப் பறக்க அங்கே சட்டம் இடம்கொடுக்கவில்லை. இவோ பொஸ்கரோல் என்பவரும் நண்பர்களும் முக்கோணத் துணி இறக்கைக்கு அடியில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு, அந்தி சாய்ந்து யார் கண்ணிலும் படாத நேரமாகப் பார்த்துப் பறந்தார்கள். மங்கலில் நிமிர்ந்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு அவை வௌவால்களாகத் தெரிந்தன. 1989-இல் கம்பெனி தொடங்கியபோது அந்தப் பெயரையே பலகையில் எழுதிவிட்டார் பொஸ்கரோல். இரண்டே ஆண்டில் ஸ்லோவேனியா தனி நாடானது. ஒளிந்து பறந்தவர்கள் நாட்டின் பெருமையானார்கள்!

இப்போது 2020-க்கு வாருங்கள். உலகத்து விமானங்கள் எல்லாம் கொரோனாவால் தரையில் முடங்கிக் கிடந்த ஆண்டு. அந்த ஆண்டுதான் இந்தச் சின்னக் கம்பெனிக்குப் பொற்காலம். மே மாதம், இ-811 என்ற அவர்களுடைய மின் மோட்டாருக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை சான்றிதழ் கொடுத்தது. எடை சுமார் 23 கிலோதான்; ஓர் அரிசி மூட்டையைவிடக் குறைவு! அது தரும் சக்தியோ 57.6 கிலோவாட். அடுத்த மாதமே, ஜூன் 10 அன்று, அந்த மோட்டார் பூட்டிய 'வெலிஸ் எலக்ட்ரோ' விமானத்துக்கும் சான்றிதழ் வந்தது. இப்படி வகைச் சான்றிதழ் பெற்ற மின்விமானங்களில் உலகிலேயே முதலாவது அதுதான்!

ஒரு காகிதத்துக்கா இத்தனை ஆரவாரம் என்று கேட்கலாம். மின்சாரத்தில் பறந்து காட்டியவர்கள் அதற்கு முன்பே பலர் உண்டு. ஆனால், "பேட்டரி சூடேறினால் என்ன செய்வாய், பாதி வானத்தில் ஒன்று செயலிழந்தால் எப்படி இறங்குவாய்" என்று முகமை கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் சோதனை செய்து பதில் கொடுப்பது வேறு வேலை. அதற்காக இவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள்: பேட்டரி இரண்டு. ஒன்று மூக்கில், மற்றொன்று இருக்கைகளுக்குப் பின்னால். ஒன்று கைவிட்டாலும் மற்றது தனியாகவே விமானத்தை மேலேற்றும். சூடு ஏறாமலிருக்க இரண்டையும் சுற்றிக் குளிர்திரவம் ஓடுகிறது.

அந்த இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து எவ்வளவு கரண்ட் தெரியுமா? 24.8 கிலோவாட் மணி. நம் கணக்கில் 25 யூனிட்கூட இல்லை! தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஒரு விமானத்தை நான்கு முறை நிரப்பிவிடலாம். பறக்கும் நேரம் 50 நிமிடம் வரை. அதற்கு மேல் அவசரத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு. ஊர்விட்டு ஊர் போகக் காணாதுதான். ஆனால் புதிதாகப் பழகும் மாணவர் எழும்பி, ஒரு வட்டமடித்து, இறங்கி, மறுபடி எழும்புவதற்குத் தாராளம். சத்தம் 60 டெசிபல், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவு! விமானத் திடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். 2021-இல் டென்மார்க் விமானப்படையே இதில் இரண்டை வாடகைக்கு எடுத்தது.

இதெல்லாம் ஒரே நாளில் முளைத்தது என்று நினைக்காதீர்கள். 2007, 2008 இரண்டு ஆண்டிலும் நாசா நிதி கொடுத்து நடந்த சிறுவிமானப் போட்டிகளில் வென்றவர்கள் இவர்கள். 2011-இல் கலிஃபோர்னியாவில் நடந்த பசுமைப் பறத்தல் போட்டிதான் உச்சம்! 200 மைலை இரண்டு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு காலன் பெட்ரோலுக்குச் சமமான சக்திக்குமேல் செலவழிக்கக் கூடாது. பிபிஸ்ட்ரெல் கொண்டுபோன 'டாரஸ் ஜி4' விமானத்துக்கு உடல் இரண்டு! இரட்டை வாழைப்பழம் மாதிரி ஒட்டிய இரண்டு உடல்கள், நடுவில் மோட்டார், நான்கு இருக்கை. அந்த 200 மைல் ஏறத்தாழ சென்னையிலிருந்து திருச்சிக்குள்ள தூரம். ஆளுக்குச் சுமார் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான மின்சாரத்தில் போய் முடித்தது! பரிசு 13,50,000 டாலர். அதே இரட்டை உடல் அமைப்பிலிருந்து பிறந்த 'ஹெச்ஒய்4' 2016-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஹைட்ரஜனில் பறந்தது. 2023 செப்டம்பரில் ஸ்லோவேனியாவின் மாரிபோரில் திரவ ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் வானத்திலேயே இருந்தது. வெளியேறியது நீராவி மட்டும்!

நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு, தெரியுமா? இவர்களுடைய பெட்ரோல் விமானம் ஒன்றின் பெயர் 'வைரஸ்' (கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே வைத்த பெயர்!). அதன் 80 குதிரைத்திறன் வகையில் 194 விமானங்களுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்கும் சேர்த்து. அதில் 110 என்.சி.சி.க்கே! இங்கே வைத்த பெயர் 'கருட்'. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேரும் பிள்ளை முதன்முதலாக வானத்தைத் தொடுவது வௌவால் கம்பெனி செய்த கருடனில்! சான்றிதழ் வாங்கிய அந்த மின்விமானம் இந்த வைரஸின் உடன்பிறப்பேதான். மத்தேவ்ஷ் லெனார்ச்சிச் என்ற ஸ்லோவேனியர் 2012-இல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, வழியெல்லாம் காற்றிலுள்ள கரித்துகளை அளந்து வந்ததும் ஒரு வைரஸில்தான்.

2022-இல் செஸ்னா, பெல் கம்பெனிகளின் தாய் நிறுவனமான அமெரிக்காவின் டெக்ஸ்ட்ரான் சுமார் 21.8 கோடி யூரோவுக்கு பிபிஸ்ட்ரெல்லை வாங்கிக்கொண்டது. பெரிய கை பட்டால் சின்னக் கம்பெனியின் துடிப்பு அடங்கிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அடங்கவில்லை! பத்தொன்பது பேர் ஏறும் விமானத்தை ஹைட்ரஜனில் ஓட்டுவது எப்படி என்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஏற்கெனவே வரைந்து பார்த்திருக்கிறார்கள். அதைவிட அருகில் வந்துவிட்டது 'நுவா வி300'. ஆளில்லாச் சரக்கு விமானம். சுமார் 270 கிலோவைத் தூக்கிக்கொண்டு 550 கிலோமீட்டர் போக வேண்டும் என்பது திட்டம். நேராக மேலே தூக்க எட்டு மின் மோட்டார். முன்னால் தள்ள வாலருகே ஓர் எரிபொருள் இன்ஜின். 2025 ஜனவரி கடைசியில் முதல்முறையாகத் தரையை விட்டெழுந்து அந்தரத்தில் நின்றது. அந்தியில் ஒளிந்து பறந்த வௌவாலுக்கு ஓடிக் கிளம்ப ஒரு திடலாவது வேண்டியிருந்தது. இதற்கு அதுவும் வேண்டாம்!